மாங்காய்க்கு அடியில் கல் தேடுகிறவன்

கோவர்த்தனனிடம் யாராவது "நல்லா இருக்கு" என்று சொன்னால், முதலில் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பான். பிறகு கையைப் பார்ப்பான். அதற்கப்புறம்தான், "இன்னா நல்லா கீது?" என்று கேட்பான். அவனோடு ஒரே அறையில் பல மாங்காய் சீசன்களை ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பதுகூடச் சுலபமில்லை. எதற்காக வாங்கிக் கொடுக்கிறோம் என்று குடித்து முடிக்கிற வரைக்கும் யோசிப்பான்.

குறை சொல்லவும் முடியாது. எங்கள் பிழைப்பு அப்படி. புத்தூரிலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. வரும் லோடு வண்டிகளுக்கு நான் டோக்கன் கொடுக்கிறேன், அவன் எடை போடுகிறான். மாங்காயோடு வண்டியை ஒரு முறை, இறக்கிவிட்டு வெறும் வண்டியை இன்னொரு முறை. இந்த இரண்டு எடைக்கும் நடுவில் மனிதன் எத்தனை விதமாகத் திருட முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஜன்னலில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். மாங்காய்க்கு அடியில் கருங்கல் இருக்கும். முதல் எடைக்கு கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவரும் கிளீனரும் இரண்டாம் எடைக்கு டீக்கடையில் இருப்பார்கள். ரங்கையா என்று ஒரு லாரிக்காரன், காளஹஸ்தி பக்கத்து ஆள். டிரம் நிறையத் தண்ணீரோடு முதல் எடைக்கு ஏறி, இரண்டாம் எடைக்குள் அதைக் கொட்டிவிடுவான். கோவர்த்தனன் அவனை ஒரு முறை கையும் களவுமாகப் பிடித்தான். அன்றிலிருந்து ரங்கையாவின் வண்டி வந்தாலே ஜன்னலிலிருந்து, "யோவ், எறங்கு. டிரம்மைத் தொறந்து காட்டு" என்று சத்தம் வரும். ரங்கையாவும் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடி இறங்குவான்.

இந்தக் கோவர்த்தனனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் அது தானாகவே ரகசியமாகிவிட்டது. அவன் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவன்.

நகரிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரன். நிலம் இல்லாத குடும்பம். அவனுடைய நைனா கூலிக்குப் போய், பிறகு கொஞ்சம் குத்தகை எடுத்து, இவனை புத்தூரில் கம்ப்யூட்டர் டிகிரி படிக்க வைத்தார். மெட்ராஸ் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கொஞ்ச காலம் நின்றான். ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டான். வரும்போது யாரோ கழித்துவிட்ட ஒரு லேப்டாப்பைக் கொண்டு வந்தான். வண்டிகள் வராத நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஆரம்பத்தில் நான்கூட அவன் கிரிக்கெட் பெட்டிங் ஆடுகிறான் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அதில் முழுகிப்போன குடும்பங்கள் ஒன்றிரண்டா? அவனுடைய பெரியப்பா மகன் மாசிலாமணி நேராக அவன் பெண்டாட்டி யமுனாவிடமே போய், "அவன் போனை எதுக்கும் ஒரு தபா பாத்து வெச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தான். யமுனா பார்த்தாள். போன் முழுக்க எருமை மாட்டின் படங்கள் இருந்தன. அதைப் பார்த்தபின் அவளுக்குப் பயம் அதிகமானதாக என்னிடம் சொன்னாள்.

எருமைக்குக் காரணம் இருந்தது. திருப்பதியில் மே மாதம் கங்கம்மா ஜாதரை நடக்கும். பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனைக் கொல்ல, அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடினாள் என்பது கதை. ஜனங்களும் அதே மாதிரி நாளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். அதில் ஒரு நாள் பண்ட வேஷம். உடம்பெல்லாம் குங்குமம் அப்பிக்கொண்டு, எதிரில் வருகிறவரை வாய்க்கு வந்தபடி வைவார்கள். கலெக்டரே வந்தாலும் வசவுதான். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வசவு வாங்கினால் பீடை கழிந்தது, அம்மன் பார்வை பட்டது என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

இதைத்தான் கோவர்த்தனன் கேமாகச் செய்தான். ஜாதரைத் தெருவில் நடக்கிற எருமையைக்கூடப் படம் பிடித்து வந்து, பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தான். நாம்தான் அம்மன். ஜாதரைக் கூட்டத்துக்குள் போய், ஒளிந்திருக்கும் பாளையக்காரனைக் கண்டுபிடிக்க வேண்டும். அவனும் நாளுக்கொரு வேஷத்தில் கூட்டத்தோடு கலந்துவிடுவான். ஆனால் மனிதன் வேஷத்தை மாற்றலாம், பழக்கத்தை மாற்ற முடியாது என்பது கோவர்த்தனனின் சித்தாந்தம். அந்தப் பாளையக்காரன் எந்த வேஷத்தில் இருந்தாலும் ஒரு சின்னச் செய்கை அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். சும்மா பார்த்தால் தெரியாது. சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு யாருக்கு வரும் இந்த யோசனை?

இதற்கு ஆறேழு வருஷம் ஆயிற்று அவனுக்கு. சொந்தக்காரர்களிடம் காட்டினான். ஒருவர் இரண்டு பட்டனைத் தட்டிவிட்டு, "துட்டு வருமா?" என்றார். இன்னொருவர் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி, என்ன கம்பெனி என்று பார்த்தார். எங்கள் ஃபேக்டரி இன்ஜினியர் தருண், "கிராபிக்ஸ் வீக்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனான். நானும் ஒரு நாள் கேட்டேன்.

"யாருக்குடா இதெல்லாம்? உக்காந்து உக்காந்து முதுகு கூன் போட்டுடும் போல."

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஒரு எருமை தெருவில் நடந்து போனது.

"வாலு ஆடுது பாருக்கா."

"ஆடுது. அதுக்கின்னா?"

"நேத்து ஆடலக்கா. இன்னிக்கு ஆடுது."

அவ்வளவுதான் சொன்னான். சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது அவன் முகம் ஞாபகம் வந்தது. கல்யாண வயதுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் எந்த ஆம்பளையிடமும் பார்த்ததில்லை.

போன வருஷம் மாங்காய் சீசன் தொடங்கும்போது, யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே இலவசமாக ஆடலாம் என்று கேமை ஒரு வெப்சைட்டில் ஏற்றிவிட்டான். முதல் வாரம் ஈ காக்கை வரவில்லை. அப்புறம் ஒரு நாள் கேமுக்குக் கீழே, கருத்து எழுதும் இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார். ஸ்வர்ணமுகி என்று பெயர். படம் இல்லை. தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். "ரொம்ப அருமை. அஞ்சாவது நாள் எருமை சுவருக்குள்ள பூந்து போகுது, பாத்துக்கோங்க."

வேறொருவனாக இருந்தால் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பான். இவனுக்கோ அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

"யாருக்கா இது? எதுக்கு எழுதுது?"

"புடிச்சிருக்கும், எழுதியிருப்பாங்க."

"அஞ்சாவது நாள் வரைக்கும் யாருக்கா ஆடுவாங்க? தருண் சாரே ரெண்டாவது நாள்ல வெச்சிட்டாரு."

சுவருக்குள் புகுந்த எருமையைச் சரிசெய்தான். ஸ்வர்ணமுகி மறுபடி எழுதினார். "இப்ப சரியா போச்சு. சந்தோஷம்." அதற்கப்புறம் அடிக்கடி வந்தது. கூட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நடை இருப்பது அழகு என்று ஒரு தடவை. பாளையக்காரனின் செய்கையைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் வெளியே சொல்ல மாட்டேன், மற்றவர்களும் தேடட்டும் என்று ஒரு தடவை. கோவர்த்தனன் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டுவான். படிக்கும்போது குரலில் சந்தோஷம் இருக்கும், படித்து முடித்ததும் கண்ணில் சந்தேகம் வந்துவிடும். அந்தக் கருத்துகளுக்கு அடியிலும் கல் தேடினான்.

தேடியதில் ஒன்று கிடைத்தது. யமுனாவுக்கு ஒரு தங்கை, ஸ்வர்ணலதா. திருப்பதியில் ஜவுளிக்கடையில் வேலை.

"ஸ்வர்ணமுகி, ஸ்வர்ணலதா. பாத்தியா? எல்லாம் பகல்லதான் வருது. கடையில யாவாரம் இல்லாத நேரம். எங்க வீட்டம்மா சொல்லிக் குடுத்து, அது எழுதுது. நான் சோர்ந்து பூடக் கூடாதுன்னு ரெண்டும் சேர்ந்து நாடகம் ஆடுதுங்க."

"அப்படியே இருந்தாலும் நல்லதுதானேடா?"

"பாவம் பாத்துப் போடற சோறுக்கா அது. எனக்கு வேணாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒரே ஒரு ஆளு நெஜமா ஆடியிருந்தா போதும், இன்னும் பத்து வருஷம் செய்வேன். அது இல்லன்னு தெரிஞ்சா இத்தோட சரி."

உகாதிக்கு மச்சினி வீட்டுக்கு வந்தாள். போளி பரிமாறும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அந்த எருமை சரியாப் போச்சாமே?" என்று கேட்டானாம். அந்தப் பெண் விழித்திருக்கிறாள். எந்த எருமை, மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று அக்காவைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் இவன் என்னிடம் வந்து, "நல்லா நடிக்குதுக்கா" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மே மாதம், ஜாதரை நடந்துகொண்டிருந்த வாரம். கோவர்த்தனன் இரண்டு நாள் லீவில் நாராயணவனத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்து, லேப்டாப்பைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். என்னவென்று கேட்டதற்குத் திரையை என் பக்கம் தள்ளினான்.

ஸ்வர்ணமுகி எழுதியிருந்தார். இந்தக் கேமைச் செய்த கை அழுகிப் போகட்டும் என்று ஆரம்பித்தது. நீ செய்த எருமைக்கு இருக்கும் அறிவு உனக்கு இல்லை என்றது. அதற்கப்புறம் அவன் அம்மா, அவன் பாட்டன், அவன் பிறந்த விதம் என்று போனது. அதையெல்லாம் நான் எழுத மாட்டேன், நீங்களும் படிக்க வேண்டாம். முப்பது வருஷம் லாரிக்காரர்களோடு குப்பை கொட்டிய எனக்கே காது கூசியது.

"பாத்தியா, வேஷம் கலைஞ்சு போச்சு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவனுக்கு அழுகை வந்தது. பெரிய ஆள், எதிரில் சீசனுக்கு முன்பே வந்துவிட்ட இரண்டொரு வண்டிகள் நிற்கின்றன, ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஒரு வருஷமாக ஒருவர் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே, அந்த ஒருவரை நம்பித்தான் அவன் வாழ்ந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றே கேமை வெப்சைட்டிலிருந்து தூக்கிவிட்டான். லேப்டாப்பைக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டான்.

ஜூன் பிறந்தது. சீசன் தொடங்கி, ரோட்டோரம் மைல் கணக்கில் வண்டிகள் நின்றன. தோத்தாபுரி மாங்காய் வாசனையில் தலை சுற்றியது. கோவர்த்தனன் எடை போட்டான். ஆனால் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. ஒரு டிராக்டரில் டிரைவரும் இரண்டு ஆட்களும் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள், பார்த்தும் பார்க்காதவன் மாதிரி சீட்டை அடித்துக் கொடுத்தான். சந்தேகப்படாத கோவர்த்தனன் எனக்குப் பழக்கமில்லாதவன். இன்னும் ஒரு மாதம் இப்படி நடந்தால் மேனேஜர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் என் பயம் வேலையைப் பற்றி மட்டும் இல்லை. யமுனா போன் செய்து, "சோறுகூட ஒழுங்கா துன்றதில்லக்கா" என்றாள்.

அந்த வாரம்தான் ரங்கையாவின் லாரி வந்தது. வரிசை நகரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தான்.

"சாரு, நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே? ஒரு ஹெல்ப்பு."

"இன்னா?" கோவர்த்தனன் தலையைத் தூக்கவில்லை.

"போன்ல ஒரு கேம் இருந்துச்சு சாரு. நம்ம கங்கம்மா ஜாதரை கேமு. போன வருஷம் இதே லைன்ல ரெண்டு நாள் காஞ்சிக்கினு நின்னப்போ, ஜாதரை வீடியோ தேடப் போயி மாட்டுச்சு. அதுலருந்து எங்க லைன்ல நின்னாலும் அதான் ஆட்டம். இப்போ காணோம். எந்தப் பாவி தூக்கினான்னு தெரியல. திரும்ப வருமா பாருங்க."

எனக்குக் கையில் இருந்த டோக்கன் கட்டு நழுவியது. கோவர்த்தனன் மெதுவாக நிமிர்ந்தான். அவன் கண்ணில் அந்தப் பழைய பார்வை வந்துவிட்டது. முதலில் முகம், பிறகு கை.

"யாரு சொல்லி வந்த? மாசிலாமணியா?"

"யாரு மாசிலாமணி?"

"அஞ்சாவது நாள்ல எருமை இன்னா பண்ணும்?"

"முதல்ல சுவத்துக்குள்ள பூந்துச்சு. நான்தான் எழுதிப் போட்டேன். அப்பால சரி பண்ணிட்டான், நல்லவன்." ரங்கையா துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். "ரசனையான ஆளு சாரு அவன். நான் வருஷா வருஷம் திருப்பதியில பண்ட வேஷம் போடறவன். இந்தத் தபா குங்குமம் பூசிக்கினு கெளம்பறப்போ அவன் ஞாபகம் வந்துச்சு. எந்த ஊர்ல கீறானோ, ஜாதரைக்கு வர முடிஞ்சுதோ என்னமோ, அவனுக்கும் அம்மன் பார்வை படட்டும்னு போன்லயே நல்லா நாலு வசவு வெச்சேன். மனசு நெறஞ்சு பூட்டிருக்கும் அவனுக்கு."

நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அவனுடைய லாரியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, தெலுங்கில் பெரிதாக எழுதியிருந்தது: ஸ்வர்ணமுகி. அவனுடைய ஊர் ஆற்றின் பெயர். எத்தனை சீசனாக அந்த வண்டி எங்கள் எதிரில் வந்து நிற்கிறது. நாங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தோம், டிரம்மைப் பார்த்தோம், மாங்காய்க்கு அடியில் பார்த்தோம். எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. ஆறேழு வருஷம் பண்ட வேஷத்தைத் திரையில் வரைந்தவனுக்கு, அந்தக் குங்குமம் தன் மேலேயே விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

கோவர்த்தனன் எழுந்து நின்றான்.

"அத செஞ்சது நாந்தான்யா."

ரங்கையா அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "போ சாரு. வேற ஆள் கிட்ட சொல்லு."

"நெஜமா நாந்தான்."

"கோவிச்சுக்காத. அத செஞ்சவனுக்கு ஜனங்க மேல ஆசை சாரு. கூட்டத்துல போற ஒவ்வொருத்தனையும் உக்காந்து உக்காந்து பாத்து செஞ்சிருக்கான். நீ எவனையாவது நம்பியிருக்கியா ஒரு நாளு? என் டிரம்மைத் தவிர என்னை என்னத்தப் பாத்த நீ?"

என்னை அடித்தது மாதிரி இருந்தது. கோவர்த்தனனுக்கு எப்படி இருந்திருக்கும்! இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே ரசிகன், எதிரில் நின்றுகொண்டு, நீ அவனாக இருக்க முடியாது என்கிறான்.

கோவர்த்தனன் அவனுடைய தோளைப் பார்த்தான். பிறகு கேட்டான். "பாளேகாரனை எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"அது வெளிய சொல்றதில்ல."

"நான் சொல்றேன். எந்த வேஷத்துல இருந்தாலும் துண்டை இந்தத் தோள்லருந்து அந்தத் தோளுக்கு மாத்துவான். சரியா?"

"ஆமா. நீயும் ஆடியிருக்க போல கீதே."

"இப்ப உன் கை எங்க கீது பாரு."

ரங்கையா பார்த்தான். துண்டு பாதி வழியில் இருந்தது. ஒரு கை இடது தோளில், ஒரு கை வலது தோளில். அப்படியே நின்றுவிட்டான்.

"ஊரை ஏய்க்கிற பாளேகாரனுக்கு யார் நடை வெக்கிறதுன்னு யோசிச்சேன்" என்றான் கோவர்த்தனன். "உன்ன விட்டா எனக்கு வேற யாரு கீறாங்க? அஞ்சாறு சீசன் உன்னைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ரங்கையாவின் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டான். ஓர் அடி பின்னால் போய், மூச்சை இழுத்து, ஆரம்பித்தான் பாருங்கள். கோவர்த்தனனின் அம்மாவில் தொடங்கி, பாட்டனைத் தொட்டு, அவனுடைய எருமையையும் விடாமல், வரிசையில் நின்ற அத்தனை வண்டிக்கும் கேட்கிற மாதிரி வைதான். டிரைவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி தடியை எடுத்துக்கொண்டு வந்தான். நான்தான் அவனைத் தடுத்து, "ஒண்ணுமில்ல, நீ போ" என்று அனுப்பினேன்.

கோவர்த்தனன் ஜன்னலில் கைகூப்பிக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

வசவு தீர்ந்ததும் ரங்கையா மூச்சு வாங்கினான். "எப்போ திரும்பப் போடுவ?"

"சாயங்காலம். பென் டிரைவ்ல ஒரு காப்பி வெச்சிருக்கேன்."

அழித்துவிட்டேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தான். தன் கோபத்தையே நம்பாதவன் அவன்.

ரங்கையாவின் முறை வந்தது. ஸ்வர்ணமுகி மெதுவாக எடைமேடையில் ஏறி நின்றது. ரங்கையா ஸ்டியரிங் பிடித்தபடி ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தான். கோவர்த்தனனும் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினான்.

"யோவ், எறங்கு. டிரம்முல தண்ணி கீதா?"

"கீது சாரு" என்றான் ரங்கையா. "கொட்டிட்டு வரேன்."